வண்ண மீன் தொட்டியில் சண்டையா, நோயா? மருந்துக்கு முன் பார்க்க வேண்டியவை

வண்ண மீன் வளர்ப்பவர்கள் பெரும்பாலோரிடம் ஒரு கலப்புத் தொட்டி இருக்கும். ரகம் பிரித்து வளர்க்கும் தொட்டிகளில் விற்றது போக மிஞ்சியவை, அளவு சேரவில்லை என்று வியாபாரி கழித்துவிட்டுப் போனவை, அடுத்த வண்டிக்குக் காத்திருப்பவை எல்லாம் அதில்தான் போய்ச் சேரும். பத்து மோலி, நாலு ஏஞ்சல், ஐந்தாறு கௌராமி, இரண்டு டைகர் பார்ப், பாசி தின்னட்டும் என்று விட்ட ஒரு சக்கர். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால், பண்ணையில் நோய் முதலில் தலைகாட்டும் இடமும் பல நேரம் அதுதான். அங்கிருந்து ஒரே வலை, ஒரே வாளி வழியாக மற்ற தொட்டிகளுக்கும் போய்விடும்.

சென்னை கொளத்தூரிலும் திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களிலும் வண்ண மீன் வளர்ப்பு பல குடும்பங்களுக்கு முழுநேரத் தொழில். மற்ற மாவட்டங்களில் கொல்லைப்புறத்தில் நாலைந்து சிமென்ட் தொட்டி கட்டி, பால் மாட்டோடு சேர்த்து உப தொழிலாகச் செய்பவர்கள் உண்டு. இப்படிச் சிறிய அளவில் செய்பவருக்கு ஒரு தொட்டி போனால் அந்த மாத வருமானமே போகும். அதனால் இரண்டு மீன் மிதந்ததுமே பதற்றத்தில் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மருந்து போடலாம்?" என்பதுதான்.

அந்தக் கேள்வி மூன்றாவதாக வர வேண்டியது. முதல் கேள்வி, தொட்டியில் யார் யாரைக் கடிக்கிறார்கள்? இரண்டாவது, தண்ணீர் எப்படி இருக்கிறது? இந்த இரண்டையும் சரிசெய்யாமல் ஊற்றும் மருந்து பெரும்பாலும் வீண் செலவு.

நடப்பது இதுதான். இரண்டு டைகர் பார்ப் சேர்ந்து ஏஞ்சலின் நீண்ட துடுப்பைக் கொறிக்கின்றன. ஏஞ்சல் மூலையில் ஒதுங்குகிறது. ஒதுங்கிய மீன் தீனிக்கு வராது. இரண்டு மூன்று நாளில் கிழிந்த துடுப்பின் ஓரம் வெளுக்கிறது. மிஞ்சிய தீனி அடியில் அழுகித் தண்ணீரைக் கெடுக்கிறது. ஒரு வாரத்தில் ஏஞ்சல் சாகிறது. அதற்குள் மோலிகளும் துடுப்பை மடக்கிக்கொண்டு ஆடத் தொடங்கியிருக்கும். பண்ணையாளர் பார்ப்பது கடைசிக் காட்சியை மட்டும்தான். அதற்கு 'துடுப்பு அழுகல் நோய்' என்று பெயர் வைத்து மருந்து வாங்கப் போகிறார். கடித்த பார்ப் இரண்டும் நன்றாகத் தின்றுகொண்டு தொட்டியிலேயே இருக்கின்றன.

கடியா, அழுகலா?

கிழிந்த துடுப்பை உற்றுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். கடிபட்ட துடுப்பில் பிறை வடிவில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். ஓரம் தெளிவாக இருக்கும். அழுகலில் ஓரம் நூல் நூலாகப் பிரிந்து, வெள்ளையாகவோ சிவந்தோ இருக்கும். கடிக்கு மருந்தே வேண்டாம். கடிப்பதைப் பிரித்துவிட்டு, தண்ணீரைச் சுத்தமாக வைத்து, லேசாக உப்புப் போட்டால் துடுப்பு சில வாரங்களில் தானே வளர்ந்துவிடும். ஓரம் வெளுத்துவிட்டால் பாக்டீரியா ஏறிவிட்டது என்று பொருள். பெரும்பாலும் ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் வகைகள். இவை வெளியிலிருந்து வருபவை அல்ல. எல்லாத் தொட்டித் தண்ணீரிலும் எப்போதும் இருப்பவை. காயமும் கெட்ட தண்ணீரும் சேரும்போதுதான் உள்ளே புகுகின்றன.

சண்டையைப் பார்க்க வேண்டும் என்றால் நாம் தொட்டி அருகில் நிற்கக் கூடாது. ஆள் நிழல் பட்டாலே மீன்கள் தீனிக்கு ஓடி வந்து எல்லாம் ஒற்றுமையாக இருப்பதுபோல் காட்டும். கொஞ்சம் தள்ளி, கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். தீனி போட்ட உடனேயும், பொழுது சாயும் நேரத்திலும், புது மீன் விட்ட முதல் நாளிலும் துரத்தல் அதிகமாக இருக்கும். துரத்துவது யார் என்று தெரியாவிட்டாலும் துரத்தப்படுவது யார் என்று எளிதில் தெரியும். நீர்ப்பரப்பை ஒட்டிய மூலையிலோ குழாய்க்குப் பின்னாலோ துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நிற்பதுதான் அது.

இரவுக் கடி ஒன்றும் உண்டு. சக்கர் மீனைப் பலர் தொட்டியின் துப்புரவுப் பணியாளராகவே நினைக்கிறார்கள். வளர்ந்த சக்கருக்கு தீனி போதவில்லை என்றால், இரவில் ஏஞ்சல், தங்க மீன் போன்ற தட்டையான அல்லது மெதுவான மீன்களின் பக்கவாட்டில் ஒட்டி, உடல் வழவழப்பைச் சுரண்டித் தின்னும். காலையில் மீனின் விலாவில் வட்டமாகச் சிவந்த தடம் இருந்தால், புண் நோய் என்று முடிவுகட்டும் முன் சக்கரைச் சந்தேகப்படுங்கள். ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் கையும் களவுமாகப் பிடிக்கலாம்.

யாரை யாரோடு விடுவது?

டைகர் பார்ப் கூட்டமாக வாழும் மீன். இரண்டு மூன்று மட்டும் இருந்தால் அடுத்தவரைக் கொறிக்கும். எட்டுக்கு மேல் இருந்தால் தங்களுக்குள்ளேயே விரட்டி விளையாடிக்கொண்டு மற்றவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆனாலும் நீண்ட துடுப்புள்ள ஏஞ்சல், கௌராமி, பைட்டர், கப்பி ஆகியவற்றோடு எத்தனை இருந்தாலும் விடக் கூடாது.

பைட்டர் ஆண்கள் இரண்டைச் சேர்த்தால் சண்டை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால், கலப்புத் தொட்டியில் பைட்டர் அடிப்பதைவிட அடிபடுவதே அதிகம். அந்த நீண்ட வாலை இழுத்துக்கொண்டு அதனால் வேகமாக ஓட முடியாது.

கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் போன்ற குட்டி போடும் ரகங்களில் ஆண் மீன் பெண் மீனை ஓயாமல் துரத்தும். ஆண் அதிகமாக இருந்தால் சினை மீன் இளைத்து, குட்டி போட்ட கையோடு செத்துவிடும். ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண் என்ற கணக்கில் வையுங்கள். அல்லது விற்பனைக்கான ஆண்களை மட்டும் தனித் தொட்டியில் வையுங்கள். பெண் இல்லாத இடத்தில் கப்பி ஆண்களின் சண்டை பொதுவாகக் குறைவு. வாள்வால் ஆண்களை மட்டும் அப்படி நம்ப முடியாது. அவை பெண் இல்லாவிட்டாலும் அதிகாரத்துக்கு அடித்துக்கொள்ளும்.

ஏஞ்சல் தொல்லையில் ஒரு லாபம் ஒளிந்திருக்கிறது. திடீரென்று இரண்டு ஏஞ்சல் சேர்ந்து ஒரு குழாயையோ ஓட்டையோ வாயால் சுத்தம் செய்துகொண்டு, மற்ற எல்லா மீனையும் எதிர் மூலைக்கு விரட்டினால், அது பொல்லாத குணம் அல்ல. ஜோடி சேர்ந்துவிட்டது. அந்த இரண்டையும் பிரிக்காமல் அப்படியே தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். நமக்கு ஒரு தாய் ஜோடி செலவில்லாமல் கிடைத்துவிட்டது. ஆறு, எட்டு இளம் ஏஞ்சல்களை ஒன்றாக வளர்த்து, தானாகச் சேரும் ஜோடியை எடுப்பதுதான் இந்த ரகத்தில் வழக்கமான முறையும்கூட.

ஃபிளவர்ஹார்னைத் தனியாகத்தான் வைக்க வேண்டும். ஆஸ்கர் தன் வாய்க்குள் நுழையும் எதையும் விழுங்கும். அதைச் சண்டை என்று சொல்ல முடியாது, அது சாப்பாடு. இதே காரணத்தால் ஒரே ரகமானாலும் அளவு பிரித்து வளர்ப்பது அவசியம்.

அடாவடி மீன் ஒன்று இருந்தால் அடிபட்டதை எடுக்காதீர்கள், அடிப்பதை எடுங்கள். அடிபட்டதை எடுத்தால் அது அடுத்த மீனைப் பிடிக்கும். அடிக்கும் மீனை நான்கைந்து நாள் தனியே வைத்து, அதற்குள் தொட்டியில் உள்ள மண்பானை ஓடு, பிவிசி குழாய்த் துண்டு, வேலம்பாசி எல்லாவற்றையும் இடம் மாற்றிவிட்டுத் திரும்ப விடுங்கள். தன் எல்லை எது என்று தெரியாமல் அதுவும் புது மீன்போல் அடங்கியிருக்கும். சில நேரம் அது போனதும் இரண்டாவது இடத்தில் இருந்த மீன் தலைவனாகிவிடும். அப்போது மீன் மாற்றிப் பயனில்லை. தொட்டியில் மறைவிடம் போதவில்லை என்று பொருள்.

காலையில் மூச்சு வாங்கினால்

இரண்டாவது கேள்விக்கு வருவோம். விடியற்காலையில் எல்லா மீனும் நீர்ப்பரப்பில் வாய் பிளந்து நின்று, வெயில் ஏறியதும் சரியாகிவிட்டால் அது நோயல்ல, ஆக்சிஜன் குறைவு. தண்ணீர் கரும்பச்சையாக இருக்கும் தொட்டிகளில் இது சகஜம். பாசி பகலில் ஆக்சிஜனைத் தரும், இரவில் தானே எடுத்துக்கொள்ளும். கௌராமியும் பைட்டரும் காற்றை நேரடியாக விழுங்கி மூச்சு விடக்கூடியவை. அவை தெம்பாக இருந்து, மற்றவை மட்டும் திணறினால் காரணம் ஆக்சிஜன் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். மாறாக, நாள் முழுதும் ஒன்றிரண்டு மீன் மட்டும் ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டு மூச்சு வாங்கினால் செவுள் புழுவைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது அமோனியா. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் வருவது. ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் தொட்டிச் சுவரிலும் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் இதை முதலில் நைட்ரைட் ஆகவும் பிறகு நைட்ரேட் ஆகவும் மாற்றும். புதுத் தொட்டியில் இவை பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் மீனை நிறைத்தால் சாவு நிச்சயம். ஸ்பாஞ்சைக் குழாய் நீரில் பளிச்சென்று கழுவினால் குளோரின் பட்டு அவை செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்து போட்டால் போதும்.

"தண்ணீர் மாற்றினேன், மறுநாளே செத்துவிட்டது" என்று சொல்பவர்கள் உண்டு. அதற்கும் காரணம் இருக்கிறது. அமோனியா எவ்வளவு விஷம் என்பதைத் தீர்மானிப்பது பி.எச். அளவு. பி.எச். 7-ல் இருந்து 8-க்கு ஏறினால் அதே அமோனியாவில் விஷப் பகுதி ஏறக்குறைய பத்து மடங்கு கூடும். பல மாதம் மாற்றாத தொட்டியில் பி.எச். இறங்கிக் கிடக்கும், அமோனியா சேர்ந்திருந்தாலும் மீன் தாக்குப்பிடிக்கும். அதில் பி.எச். அதிகமுள்ள போர்வெல் தண்ணீரை ஒரேயடியாகப் பாதிக்கு மேல் ஊற்றினால், ஒரு மணி நேரத்தில் விஷம் ஏறிவிடும். இப்படிக் கிடந்த தொட்டியில் முதல் நாள் பத்தில் ஒரு பங்கு, பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவதே பாதுகாப்பு. அந்த நாட்களில் தீனியை நிறுத்திவிடுங்கள். வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் சாகாது.

சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் அமோனியா, பி.எச். சோதனைப் பெட்டி மீன் கடைகளில் கிடைக்கிறது. நோய்க்கு வாங்கும் முதல் மருந்துப் புட்டிக்குப் பதில் இதை வாங்கலாம் என்பது என் கருத்து. குழாய் நீர் பிடிப்பவர்கள் ஒரு நாள் திறந்த தொட்டியில் காற்று ஓட வைத்துவிட்டோ, ஆன்டி குளோரின் கலந்தோ பயன்படுத்துங்கள்.

வெண்புள்ளி: பெயர் ஒன்று, நோய் வேறு

மழையும் பனியும் சேர்ந்த ஐப்பசி முதல் தை வரை அதிகம் வருவது வெண்புள்ளி நோய். உடலிலும் துடுப்பிலும் ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். மீன் ஓடு, சுவர் மீது உடலைத் தேய்க்கும். இறால் வளர்ப்பவர்கள் 'வெண்புள்ளி' என்றாலே நடுங்குவார்கள். அது வைரஸ், வேறு நோய். வண்ண மீனில் வருவது 'இக்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஓர் ஒட்டுண்ணி, குணப்படுத்தக்கூடியது.

குணப்படுத்துவதில் பலர் தவறுவது அதன் வாழ்க்கைச் சுற்றைத் தெரிந்துகொள்ளாததால்தான். மீன் மேல் தெரியும் புள்ளி தோலுக்கு அடியில் இருக்கிறது; மருந்து அதைத் தொடாது. முற்றியதும் அது உதிர்ந்து அடியில் கூடு கட்டிக்கொள்ளும். அப்போதும் மருந்து ஏறாது. கூட்டுக்குள் பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகி வெளியே வரும். அவை தண்ணீரில் நீந்தும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான் மருந்து கொல்லும். அதற்குள் மீன் கிடைக்காவிட்டால் தாமாகவும் செத்துவிடும்.

அதனால்தான் மூன்றாம் நாள் புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தினால், அடுத்த வாரம் முன்பைவிட அதிகமாக வருகிறது. மறைந்தது குணமாகி அல்ல, கூடு கட்டப் போயிருக்கிறது. புள்ளி மறைந்த பிறகும் குறைந்தது ஒரு வாரம் சிகிச்சை தொடர வேண்டும். அடியில் தேங்கியதை தினமும் உறிஞ்சி எடுத்தால் கூடுகளும் சேர்ந்து போகும். தண்ணீர் சூடாக இருந்தால் இந்தச் சுற்று வேகமாக ஓடும். குளிர்ந்தால் வாரக்கணக்கில் இழுக்கும். கண்ணாடித் தொட்டியில் ஹீட்டர் வைத்து ஒரு நாளில் இரண்டு டிகிரி வீதம் 30 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றலாம். சூடான நீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் ஏர் பம்ப் நிற்கக் கூடாது. வெளியில் உள்ள சிமென்ட் தொட்டிக்கு ஹீட்டர் கட்டுப்படியாகாது. இரவில் பாலித்தீன் தாள் மூடி, காற்றுக் குழாயை உள்ளே விட்டு வைப்பதே நடைமுறை. மழை நேரடியாகத் தொட்டியில் விழாமல் பார்த்துக்கொள்வது அதைவிட முக்கியம்.

சூடு ஏற்றக் கூடாத நோய்

இங்கே ஓர் எச்சரிக்கை. வாயைச் சுற்றியும் முதுகிலும் வெளிர் பஞ்சுபோல் படர்ந்தால் எல்லோரும் பூஞ்சை என்கிறார்கள். காயத்தின் மேல் நீளநீளமாகப் பஞ்சு முளைத்து மெதுவாகப் பரவினால் அது பூஞ்சைதான். ஆனால், உதட்டில் தொடங்கி, முதுகில் சேணம் போட்டதுபோல் சாம்பல் வெள்ளைப் படலமாகி, ஒன்றிரண்டு நாளில் பல மீனைச் சாய்த்தால் அது காலம்நாரிஸ் என்ற பாக்டீரியா நோய். இது சூட்டில் வேகமெடுக்கும். வெண்புள்ளிக்குச் செய்ததுபோல் தண்ணீரைச் சூடாக்கினால் ஒரே ராத்திரியில் தொட்டி காலியாகும். ரவைபோல் தனித்தனிப் புள்ளியா, படலமா என்று பார்த்த பிறகே ஹீட்டரைத் தொடுங்கள். மோலி, கப்பிகளை நெரிசலாகப் பையில் அடைத்துக் கொண்டுவந்த பின் வருவது பல நேரம் இதுதான். பாதித்தவற்றை உடனே பிரித்து, கூட்டத்தைக் குறைத்து, உப்புப் போட்டு, தாமதிக்காமல் மீன்வள நிபுணரைக் கேட்க வேண்டும்.

செதில்கள் பலாக்காய் முள்போல் நிமிர்ந்து வயிறு வீங்கிய மீன் பிழைப்பது அரிது. அதற்குச் செலவு செய்வதைவிட, மற்ற மீன்கள் அதைக் கொத்தித் தின்னும் முன் எடுத்துவிடுவது நல்லது.

உப்புக் கணக்கு

கல் உப்பு மலிவான, நம்பகமான முதல் உதவி. ஒட்டுண்ணியை ஓரளவு கட்டுப்படுத்தும், காயம் பட்ட மீனின் அயர்ச்சியைக் குறைக்கும், நைட்ரைட் விஷம் ரத்தத்தில் ஏறாமல் தடுக்கும். ஆனால், பிடி பிடியாக அள்ளிப் போடக் கூடாது. தண்ணீர் நிற்கும் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, வரும் எண்ணை 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 6 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி ஆழம் என்றால் 48 கன அடி. சுமார் 1,360 லிட்டர். லிட்டருக்கு 2 கிராம் வீதம் இதற்கு 2.7 கிலோ உப்பு வேண்டும். வாளியில் கரைத்து, மூன்று பங்காக்கி, ஒரு நாள் முழுதும் இடைவெளி விட்டு ஊற்றுங்கள்.

உப்பு ஆவியாகாது. வெயிலில் வற்றிய அளவுக்கு நீர் நிரப்பும்போது உப்புச் சேர்க்கக் கூடாது; வெளியேற்றிய நீருக்கு மட்டும் அதே வீதத்தில் சேருங்கள். இந்தக் கணக்கு தெரியாமல் ஒவ்வொரு முறையும் உப்புப் போட்டு, நோயில் பிழைத்ததை உப்பில் கொன்றவர்கள் இருக்கிறார்கள். மோலி உப்பை நன்றாகத் தாங்கும். டெட்ரா, கோரிடோராஸ், நீர்ச் செடிகள் தாங்காது. அவை இருந்தால் லிட்டருக்கு 1 கிராமோடு நிறுத்துங்கள், அல்லது நோயுள்ளதை வேறு தொட்டிக்கு மாற்றிச் சிகிச்சை செய்யுங்கள். கடையில் விற்கும் பச்சைச் சாய மருந்தும் செதில் இல்லாத மீன்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை. மாலகைட் கிரீன் கலந்த அந்த மருந்தை உணவுக்காக வளர்க்கும் கெண்டை, விரால் குளத்தின் பக்கமே கொண்டுபோகக் கூடாது; அது புற்றுநோய் ஐயம் உள்ள பொருள்.

சாதாரணமாகத் தொட்டியிலிருந்து எடுக்கும் கழிவு நீர் கீரைக்கும் வாழைக்கும் நல்ல உரம். உப்போ மருந்தோ போட்ட தண்ணீரை அப்படிப் பாய்ச்ச வேண்டாம்.

கேப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டும் முன்

மருந்துக் கடையில் டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூல் வாங்கி, பிரித்துத் தொட்டியில் கொட்டும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தண்ணீர் மஞ்சளாவதைப் பார்த்து மருந்து வேலை செய்கிறது என்ற திருப்தி வருகிறது. நம் ஊர்க் கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் அந்த மருந்தைப் பிணைத்துக்கொள்வதால் அதன் பலன் வெகுவாகக் குறையும். ஆன்டிபயாடிக் ஃபில்டரில் உள்ள நல்ல பாக்டீரியாவையும் பாதிக்கும். சிகிச்சை முடிவதற்குள் அமோனியா ஏறத் தொடங்கும். அரைகுறை அளவில் திரும்பத் திரும்பப் போட்டால் அந்தப் பண்ணையில் உள்ள கிருமிக்கு மருந்து பழகிவிடும், பிறகு உண்மையான தேவை வரும்போது கேட்காது. ஆன்டிபயாடிக் தேவை என்று நிபுணர் சொன்னால் தீனியில் கலந்து, சொன்ன நாள் வரை கொடுப்பதே முறை.

மீனைப் பற்றி மட்டும் சொல்லி நம் கையை விட்டுவிடக் கூடாது. இளைத்து, முதுகு வளைந்து, ஆறாத புண்ணோடு நாள்பட்டுச் சாகும் மீனில் மீன் காசநோய்க் கிருமி இருக்கலாம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அது மனிதத் தோலிலும் நுழைந்து, சில வாரம் கழித்து ஆறாத கட்டியாகத் தெரியும். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவாது. ஆனால், சாதாரணப் புண் மருந்தில் போகாது. மருத்துவரிடம் போனால் "மீன் தொட்டியில் வேலை செய்கிறேன்" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு அந்தச் சந்தேகமே வராது. புண்ணுள்ள கைக்கு ரப்பர் உறை அணியுங்கள். குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். குழாயைத் தொட்டிக்குள் முழுக்க முக்கி, ஒரு முனையை விரலால் அடைத்து வெளியே எடுத்துவிட்டால் தண்ணீர் தானே இறங்கும்.

புது மீனுக்குத் தனித் தொட்டி

வெளியிலிருந்து வாங்கிய மீனையும், வியாபாரி திருப்பித் தந்த மீனையும் நேராகக் கலப்புத் தொட்டியில் விடாமல், இரண்டு மூன்று வாரம் தனியே வைப்பதுதான் இருக்கும் வழிகளில் மிகவும் செலவு குறைந்தது. அந்தத் தொட்டிக்கு வலையும் வாளியும் தனி. ஒரே வலைதான் இருக்கிறது என்றால் ஒவ்வொரு முறையும் வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த தொட்டியில் இறக்க வேண்டும். சாக்கடைக் கால்வாயில் அள்ளிய டியூபிஃபெக்ஸ் புழுவும் நோய் வரும் வாசல்தான். ஓடும் நீரில் ஒரு நாளாவது அலசிக் கொடுங்கள். முடிந்தவர்கள் தொட்டியிலேயே மொய்னா வளர்த்துக் கொடுக்கலாம்.

எல்லாம் பார்த்தும் காரணம் பிடிபடாவிட்டால், மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தையோ, நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் தூத்துக்குடி, பொன்னேரி கல்லூரிகளையோ அணுகலாம். போகும்போது செத்த மீனை எடுத்துப் போகாதீர்கள். மீன் செத்ததும் ஒட்டுண்ணி அதை விட்டு இறங்கிவிடும், சதையும் நம் வெயிலுக்குச் சீக்கிரம் கெட்டுவிடும். நோய் தெரிகிற, இன்னும் உயிரோடு இருக்கிற இரண்டு மூன்று மீனைப் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் மீதி ஆக்சிஜனும் அடைத்துக் கொண்டுபோங்கள். கூடவே அதே தொட்டித் தண்ணீர் ஒரு லிட்டர் பாட்டிலில் தனியாக. எந்தெந்த ரகம் எத்தனை இருந்தன, கடைசியாக எப்போது புது மீன் விட்டீர்கள், இதுவரை என்ன மருந்து எவ்வளவு போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனால், அங்கே இருப்பவர் கேட்கும் முதல் மூன்று கேள்விக்கும் பதில் கையில் இருக்கும்.